எண்ணெய்க் கணக்கு: உங்கள் கார் ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு ஆகிறது?

மெர்தாஜம்_555 | 2025 அக்டோபர் 11

வணக்கம். புக்கிட் மெர்தாஜமில் வீடு, பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் வேலை. தினமும் பினாங்குப் பாலத்தில் ஏறி இறங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

போன மாதம் 30-ஆம் தேதி புடி95 என்ற பெட்ரோல் உதவித்தொகைத் திட்டம் வந்ததிலிருந்து எங்கே போனாலும் எண்ணெய் விலைப் பேச்சுதான். மைகாட்டும் (குடிமக்கள் அடையாள அட்டை) செல்லுபடியாகும் லைசென்சும் உள்ளவர்களுக்கு லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 300 லிட்டர் வரை. அதைத் தாண்டினால் உதவித்தொகை இல்லாத விலை. தொடங்கிய அன்று அது 2.60. எனக்கு 300 லிட்டர் தாராளமாகப் போதும். ஆனாலும் எங்கள் வீட்டில் எண்ணெய்க் கணக்கு எழுதாமல் விட்டதில்லை. அதைப் பற்றித்தான் இங்கே பேச நினைத்தேன்.

தொடங்கி வைத்தவர் அப்பா. 2008 ஜூன் 4 மாலை, மறுநாளிலிருந்து பெட்ரோல் 1.92-லிருந்து 2.70 ஆகிறது என்று பிரதமர் அப்துல்லா அகமது படாவி அறிவித்தார். ஒரே இரவில் 78 சென். அன்று ராத்திரி எண்ணெய் நிலையத்தில் வரிசை சாலை வரைக்கும் நின்றது. நானும் அப்பாவோடு காரில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும் வழியில் ஒட்டுக் கடையில் ஒரு 555 புத்தகம் வாங்கினார். மளிகைக் கடன் எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். முதல் பக்கத்தில் தேதி, மீட்டர் எண், லிட்டர், வெள்ளி என்று நான்கு கோடு கிழித்தார். அந்த ஆண்டு 2,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 625 வெள்ளி திருப்பிக் கொடுத்தார்கள். அஞ்சலகத்தில் வரிசையில் நின்று வாங்கியதையும் ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது ஏழாவது புத்தகம் ஓடுகிறது. 2020 ஏப்ரல் பக்கத்தைப் புரட்டினால் மனசு என்னவோ செய்கிறது. ரோன்95 பெட்ரோல் வெறும் 1.25 வெள்ளி. ஆனால் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. அந்த மாதம் முழுக்க ஓடியது 90 கிலோமீட்டர். அப்பா பக்கத்திலேயே "கோயில் பூட்டு" என்று எழுதியிருக்கிறார்.

நீங்கள் யாரெல்லாம் கணக்கு வைத்திருக்கிறீர்கள், எப்படி எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள். என்னுடைய மாதக் கணக்கை அடுத்து போடுகிறேன்.

---

கிள்ளான்_வாசி | அக்டோபர் 11

அண்ணே, அப்பாவின் புத்தகம் பொக்கிஷம், பத்திரமாக வையுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கணக்கு எழுதினாலும் எழுதாவிட்டாலும் வேலைக்குப் போய்த்தானே ஆகவேண்டும்? விலை நம் கையில் இல்லை. ரோன்97, டீசல் விலையெல்லாம் புதன்கிழமை சொல்கிறார்கள், வியாழன் மாறுகிறது. எழுதி வைத்தால் மட்டும் குறையுமா?

---

மெர்தாஜம்_555 | அக்டோபர் 11

நல்ல கேள்வி தம்பி. நானும் அப்பாவிடம் இதையேதான் கேட்டேன். பதில் எனக்கே நடந்த பிறகுதான் புரிந்தது.

முதலில் என் மாதக் கணக்கு. 1.5 லிட்டர் கார், மாதம் சுமார் 1,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 14.5 கிலோமீட்டர் வீதம் 110 லிட்டர் எண்ணெய், 219 வெள்ளி. பால டோல் 5.74, தீவுக்குப் போகும்போது மட்டும்தான், 24 நாளுக்கு 138. காப்புறுதியை 12-ஆல் வகுத்தால் 65. சாலை வரி ஆண்டுக்கு 90, மாதத்துக்கு ஏழரை வெள்ளி. சர்வீஸ் 47, டயர் 30, பேட்டரி 10. அப்புறம் வங்கித் தவணை 588.

மொத்தம் 1,100 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. கிலோமீட்டருக்கு 69 சென். அதில் எண்ணெய் 14 சென் கூட இல்லை. நாம் எந்நேரமும் பேசுவது இந்த ஐந்தில் ஒரு பங்கைப் பற்றித்தான். பாலத்துக்கு மட்டுமே எண்ணெய்ச் செலவில் பாதிக்கு மேல் கொடுக்கிறேன் என்பது கூட்டிப் பார்க்கும் வரை எனக்கே தெரியாது.

சரி, நடந்த கதை. இந்த ஆண்டு மார்ச்சிலிருந்து என் புத்தகத்தில் லிட்டருக்கு ஓடிய கிலோமீட்டர் மாத வரிசையாக இப்படி இருந்தது: 14.6, 14.3, 13.4, 12.6, 12.2. பாலத்தில் ஜேம் கூடிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறகு ஒரு பட்டறைக்குப் போனேன். எதையும் சோதித்துப் பார்க்காமலே இன்ஜெக்டரைக் கழுவ வேண்டும் என்று சொல்லி 180 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை எண்ணெய் போட்டபோதும் அதே 12.2. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கண்டுபிடித்தது என் மனைவி. வீட்டு வாசலில் இறங்கியவள், "ஏதோ கருகுகிற வாடை வருதே" என்றாள். குனிந்து முன் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனேன். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் தோசைக்கல் போல அனல் அடித்தது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக ஒரு காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே எண்ணெய் போட்டது மாதிரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 14.5 ஓட வேண்டிய கார் 12.2 ஓடினால் 110 லிட்டர் 131 ஆகிவிடுகிறது. மாதம் 42 வெள்ளி கூடுதல். லிட்டர் விலை 1.99-லிருந்து 2.37 ஆனதற்குச் சமம். எந்த அமைச்சரும் அறிவிக்கவில்லை, செய்தியிலும் வரவில்லை, ஆனால் என் காரில் மட்டும் விலை 38 சென் ஏறிவிட்டது. புத்தகம் மே மாதத்திலேயே சொன்னது. எண்களை எழுதினேனே தவிர வாசிக்கவில்லை.

---

பிறை_பொமென் | அக்டோபர் 12

தம்பி, பட்டறை வைத்து 22 வருடம் ஆகிறது. நீங்கள் சொல்வதைக் கேட்டால் காலிப்பரின் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) ஊசி, அதாவது 'பின்', இறுகியிருக்கும் போலத் தெரிகிறது. காலிப்பர் இப்படியும் அப்படியும் நகர்வதற்கு அந்த மாதிரி இரண்டு 'பின்' உண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போனால் கிரீஸ் காய்ந்து துருப்பிடிக்கும். மிதித்தால் பேட் போய்ப் பிடிக்கும், காலை எடுத்தால் முழுசாக விலகாது. கழற்றிப் பார்த்தால் ஒரு பேட் தேய்ந்து தகடாகியிருக்கும், அடுத்தது புதுசு மாதிரி இருக்கும். சரிதானே?

எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எவ்வளவு குடிக்கிறது, எப்போதிலிருந்து என்றுதான். பத்தில் ஒன்பது பேரிடம் பதில் இருக்காது. "முன்னே 50 வெள்ளிக்கு ஒரு வாரம் ஓடும், இப்போது ஓடவில்லை" என்பார்கள். நடுவில் விலை மாறியிருக்கும், மாமியார் வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்திருப்பார்கள். ஒரு தாளில் நாலு எண்ணிக்கை கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் டயர் காற்று, பிரேக், ஏர் பில்டர் என்று தேடுவேன். சட்டென்று ஒரே தடவையில் விழுந்திருந்தால் சென்சர், தெர்மோஸ்டாட் பக்கம் போவேன்.

டயர் காற்றை மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். காலையில், கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது. எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். டயர் மேலேயே எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்க வேண்டாம்.

இன்னொன்று. ரோன்95 போதும் என்று கையேட்டில் இருக்கிற காருக்கு ரோன்97 ஊற்றினால் அதிகம் ஓடும் என்று நினைக்காதீர்கள். அந்த எண், எரிபொருள் எஞ்சினுக்குள் நேரங்கெட்டு வெடித்துத் தட்டாமல் தாங்குகிற அளவு. சக்தி கூடுதல் என்று அர்த்தம் இல்லை.

---

மெர்தாஜம்_555 | அக்டோபர் 12

அண்ணே, நேரில் பார்த்தது போலவே சொல்கிறீர்கள். உள்பக்கப் பேட் சுத்தமாகத் தேய்ந்திருந்தது. காலிப்பர் 'பின்', பேட், கூலி எல்லாம் சேர்த்து 260 வெள்ளி. அடுத்த முறை எண்ணெய் போட்டபோது 14.4. ஆறு மாதத்தில் காசு திரும்பிவிடும்.

---

சிவப்பு_ஐசி | அக்டோபர் 13

செந்தூலிலிருந்து எழுதுகிறேன். வயது 61. இந்த மண்ணில்தான் பிறந்தேன், ஆனால் கையில் இருப்பது இன்றும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டைதான். புடி95 குடிமக்களுக்கு மட்டும். அதனால் மற்றவர்களுக்கு 2.05-லிருந்து 1.99 ஆனபோது எனக்கு 2.60 ஆனது.

பழைய 1.3 கார், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறேன். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, வெள்ளிக்கிழமை கோயில், அப்புறம் ஆஸ்பத்திரி. லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று சத்தியமாகத் தெரியாது. 40 வெள்ளி, 50 வெள்ளி என்று போடுவேன், முழுசாக நிரப்பியதே இல்லை. எப்படித் தொடங்குவது என்று யாராவது எளிதாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

காஜாங்_அக்கா | அக்டோபர் 13

ஐயா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கணக்கு எடுப்பது சுலபம், நான் சொல்கிறேன்.

ஒரு தடவை மட்டும் டேங்கை நிரப்புங்கள். பம்ப் தானாக "டக்" என்று நின்றதும் எடுத்துவிட வேண்டும். சில்லறை இல்லாமல் முழு வெள்ளி ஆக்குகிறேன் என்று மேலும் அழுத்தக் கூடாது. அந்த நேரம் மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதுங்கள். அடுத்த தடவையும் அதே மாதிரி நிரப்புங்கள், முடிந்தால் அதே நிலையத்தில், அதே பம்பில். இரண்டாம் தடவை எத்தனை லிட்டர் போனதோ அதுதான் இடையில் எரிந்தது. ஓடிய தூரத்தை அதால் வகுத்தால் முடிந்தது. நடுவில் அவசரத்துக்கு 20 வெள்ளிக்குப் போட்டாலும் பரவாயில்லை, அந்த லிட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கை நம்ப வேண்டாம். பம்ப் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். மூன்று தடவைச் சராசரி போதும்.

ரசீதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கண்ணாடி ஓரத்தில் சொருகி வைத்தால் சில வாரத்தில் வெயிலில் வெள்ளைத் தாளாகிவிடும். நான் அப்படி ஒரு கட்டு வைத்திருந்தேன், ஒன்றில்கூட எழுத்து இல்லை.

என் கதையையும் சொல்கிறேன். மூன்று வருடம் காஜாங்கிலிருந்து பாசார் செனி பக்கம் காரில்தான் வேலைக்குப் போனேன். போன வருடம் கூகுள் ஷீட்டில் ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். எண்ணெயை விடப் பார்க்கிங் அதிகம்! அது தினமும் பத்துப் பத்து வெள்ளியாகப் போவதால் உறைக்கவில்லை. இப்போது எம்ஆர்டி ரயில் நிலையம் வரை மட்டும் கார், அங்கிருந்து 50 வெள்ளி மாத பாஸ்.

அதில் ஒரு வேடிக்கை. லிட்டருக்கு 13 ஓடிய கார் இப்போது 10 தான் ஓடுகிறது. பயந்துபோய்ப் பட்டறைக்குக் கொண்டுபோனேன், ஒன்றும் இல்லை. நான்கு கிலோமீட்டருக்குள் எஞ்சின் சூடாகவே நேரம் இல்லை, அதனால் அதிகம் குடிக்கிறது. ஆனால் மாதத்துக்கு ஓடுவதே 300 கிலோமீட்டருக்குள். 30 லிட்டர் தாண்டுவதில்லை. லிட்டர் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் கெட்டுப்போனது என்றுதான் நினைத்திருப்பேன். அதனால் மாத மொத்தத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

---

நிபோங்_டீசல் | அக்டோபர் 14

நிபோங் திபாலிலிருந்து. என்னுடையது டீசல் பிக்அப், சொந்த உபயோகம், கொஞ்சம் தோட்டத்து வேலை. தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் 2.15-லிருந்து 3.35 ஆனது ஞாபகம் இருக்கும். வண்டியை விற்றுவிடலாம் என்றே அன்று முடிவு செய்தேன்.

அப்போது என் மகள்தான் உட்காரவைத்துக் கணக்குப் போட்டாள். தகுதி உள்ளவர்களுக்கு அரசாங்கம் மாதம் 200 வெள்ளி கொடுத்தது, எனக்கும் கிடைத்தது. லிட்டருக்கு 1.20 கூடுதல் என்றால் 200 வெள்ளி 166 லிட்டருக்கு ஈடு. என் வண்டி லிட்டருக்கு 10, மாதம் 1,500 கிலோமீட்டர், ஆக 150 லிட்டர். கூடுதல் செலவு 180. அதாவது கையை விட்டுப் போகவில்லை! எண் தெரியாமல் விற்றிருந்தால் நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்திருப்பேன். அந்த வாரம் டீசல் வண்டியை யாரும் சரியான விலைக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு டீசல் விலை ஏறுகிறது, இறங்குகிறது, நானும் வாரா வாரம் பார்க்கிறேன். 166-ஐத் தாண்டாமல் ஓட்டுவதுதான் என் குறி.

---

கணக்கர்_பிஜே | அக்டோபர் 14

மெர்தாஜம் சகோதரருக்கு ஒரு திருத்தம். மாதத் தவணை 588-ஐ அப்படியே செலவில் சேர்ப்பது சரியில்லை. அதில் பெரும்பகுதி காரின் விலை, கார் உங்களிடம்தானே இருக்கிறது. உண்மையான செலவு வட்டியும், ஆண்டுதோறும் காரின் மதிப்பு இறங்குவதும்தான்.

அந்த 588 எனக்குப் பழகிய எண். 50,000 கடன், 3 விழுக்காடு, 9 ஆண்டு என்று ஊகிக்கிறேன். 3 விழுக்காடு என்பது முதல் நாள் கடன் தொகைக்கே 9 ஆண்டும் போடுவது. வட்டி மட்டும் 13,500. ஆனால் நீங்கள் மாதா மாதம் கடனை அடைத்துக்கொண்டே வருகிறீர்கள். அதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடு. கார் வாங்கும் நாளில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நான் சொல்லிச் சொல்லி என் தங்கை 9 ஆண்டை 5 ஆண்டாகக் குறைத்தாள்.

காப்புறுதியிலும் ஒரு கணக்கு. 5 ஆண்டு கிளைம் செய்யாதவருக்கு 55 விழுக்காடு கழிவு. பின் பம்பரில் சின்ன அடி, 400 வெள்ளி செலவு என்று உங்கள் காப்புறுதியிலேயே கிளைம் செய்தால் கழிவு சுழிக்கு வந்துவிடும். பிறகு 25, 30, 38.33, 45 என்று ஏறித்தான் பழைய 55-க்கு வர வேண்டும். கழிவுக்கு முன் பிரீமியம் 1,500 என்று வைத்தால் அந்த 5 ஆண்டில் இழப்பது 2,050 வெள்ளி. நானூறுக்காக இரண்டாயிரம். பல பேர் இதில் மாட்டுவதைப் பார்த்துவிட்டேன்.

---

மெர்தாஜம்_555 | அக்டோபர் 14

கடன் தொகை, வட்டி, ஆண்டு எல்லாம் அப்படியே சரி ஐயா. மதிப்பு இறங்குவது பற்றி நீங்கள் சொல்வதும் நியாயம். ஆனால் புத்தகத்தில் நான் தவணையைத்தான் எழுதுவேன். மாதம் 5-ஆம் தேதி கையை விட்டுப் போவது அதுதானே. கடைசிப் பக்கத்தில் ஆண்டுக்கு ஒரு தடவை காரின் சந்தை விலையையும் எழுதிவிடுகிறேன்.

---

கிள்ளான்_வாசி | அக்டோபர் 15

நான் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நேற்று ராத்திரி டோல் கட்டும் டச் அன் கோ செயலியில் போன மாத டோலைக் கூட்டிப் பார்த்தேன். 212 வெள்ளி. எண்ணெய்க்குப் போட்டது 240. பாதி டோல் எனக்குத் தேவையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழக்கதோஷத்தில் நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறேன், காலியாகக் கிடக்கும் உள்சாலையில் பத்து நிமிடம்தான் கூடுதல். இந்த வாரத்திலிருந்து போனில் ஃபியூலியோ என்ற எண்ணெய்க் கணக்குச் செயலியைப் போட்டு எழுதப் போகிறேன். 555 புத்தகத்துக்கு எனக்குக் கையெழுத்து சரியில்லை.

---

சிவப்பு_ஐசி | அக்டோபர் 31

எல்லாருக்கும் நன்றி. காஜாங் தங்கை சொன்னபடியே நிரப்பினேன். புத்தகம் பேத்தி வாங்கி வந்தாள், கோடும் அவளே போட்டுக் கொடுத்தாள். மூன்று தடவை ஆகிவிட்டது: 11.1, 10.8, 10.9. எல்லாம் செந்தூல், ஈப்போ சாலை, ஆஸ்பத்திரி வட்டாரத்து ஓட்டம்தான். பிறையில் இருக்கும் பொமென் அண்ணனுக்கு ஒரு கேள்வி: 1.3 காருக்கு இது குறைவா? காற்று பார்த்தேன், கதவுத் தூணில் 30 என்று இருக்கிறது, பின்பக்க டயர் இரண்டும் 22 தான் இருந்தன. நேற்று சரியாக அடித்துவிட்டேன்.

---

பிறை_பொமென் | அக்டோபர் 31

ஐயா, ஜேமில் ஓடும் பழைய காருக்கு இது பெரிய குறை இல்லை, ஆனால் 22 குறைவுதான். இரண்டு டயரும் ஒரே அளவில் இறங்கியிருப்பதால் ஆணி ஏறியிருக்காது, ரொம்ப நாள் காற்று பார்க்காததுதான். இப்போது அடித்துவிட்டீர்கள், இன்னும் இரண்டு தடவை நிரப்பி எண்ணைப் போடுங்கள். 12-க்குப் பக்கத்தில் வந்தால் விட்டுவிடலாம். வராவிட்டால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். எது சூடு என்று இங்கே எழுதுங்கள்.

---

சிவப்பு_ஐசி | நவம்பர் 19

11.7, 11.9. சக்கரம் எல்லாம் ஒரே சூடு.